வீட்டு இலக்கம் கேட்ட மென்பொருள்

தம்பி,

நின்றுகொண்டிருந்தால் உட்கார். உட்கார்ந்திருந்தால் எழுந்து நில். எப்படியானாலும் இதைப் பஸ்ஸில் வைத்து வாசிக்காதே, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவாய். அவ்வளவு சேதி வைத்திருக்கிறேன். "இந்த அம்மாவுக்கு என்ன வந்தது, வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் போட்டால் முடிகிற காரியத்துக்கு முத்திரை ஒட்டிக் கடிதமா?" என்று நீ கொழும்பில் முணுமுணுப்பது யட்டியாந்தோட்டைத் தேயிலை மலையில் இருக்கிற எனக்குக் கேட்கிறது. காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை உறையில் போடுவதற்கு முன் நம் மரண உதவிச் சங்கத்துக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. நான்தானே செயலாளர், நானேதான் வாசிக்க வேண்டும். ஆகவே உனக்கும் எனக்கும் மட்டும் என்று இதில் ஒன்றும் கிடையாது. உன்னைத் திட்டுவதாக இருந்தாலும் ஊரறியத்தான் திட்டப்போகிறேன்.

விசயம் இதுதான். சங்கத்துக்கு நீ எழுதிக் கொடுத்த புரோகிராமை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக ரெடிமேட் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டோம். மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளாதே, முழுக்கக் கேள். உன்னை வேலைக்குக் கூப்பிடுகிற மெல்பேர்ன் கம்பனிக்கு இந்த மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். உடனேயே, "நான் போயிட்டா சங்கத்து புரோகிராம யாரும்மா பாப்பாங்க? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றும் சொன்னாய். இனி அந்தச் சாக்கு உனக்கு இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

முதலில் உன் புரோகிராமுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். சும்மா சொல்லக்கூடாது, அது நம்மை அப்படியே அறிந்து வைத்திருந்தது. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் குழி வெட்டுகிற முறை யாருடையது, தேத்தண்ணி கொதிக்க வைக்க எந்த லயத்து வரிசை வீடுகளில் இருந்து ஆட்கள் வர வேண்டும், கூடாரத் தகரம் யார் வீட்டில் கிடக்கிறது, எல்லாம் அதற்குத் தெரியும். மூன்று முத்தையாக்களையும் ஒருவரோடு ஒருவரைக் குழப்பாமல் கட்டை முத்தையா, டிரைவர் முத்தையா, கோயில் முத்தையா என்று போட்டிருந்தாய். வீடுகளை "மேல் லயத்துக் கோடி", "பீலிக்குப் பக்கத்தில்", "நாய் கட்டின வீடு" என்று எழுதியிருந்தாய். வெளியாள் ஒருவன் அதைத் திறந்தால் தலையும் விளங்காது, வாலும் விளங்காது. நமக்கோ அது நாமே பேசுகிற மாதிரி இருக்கும். என் மகன் எழுதியது என்று, நான் டீச்சராக இருக்கிற பிள்ளை மடுவத்துக்குக் குழந்தையை விட வருகிற தாய்மார் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆனால் டிரைவர் முத்தையாவின் அம்மா செத்த அன்று நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. மழை என்றால் அப்படி ஒரு மழை. என் போன் தன் பாட்டுக்கு என்னவோ அப்டேட் எடுத்துக்கொண்டது, உன் புரோகிராமைத் திறந்தால் வெறும் வெள்ளையாக நிற்கிறது. குழி வெட்டும் முறை யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. மேல் லயத்து ஆட்கள் "போன தடவ நாங்கதானே வெட்டினோம்" என்கிறார்கள். கீழ் லயத்து ஆட்கள் "அது அதுக்கு முந்தின தடவைங்க, நல்லா யோசிச்சுப் பேசுங்க" என்கிறார்கள். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு முறை பேசுகிற கேவலம் நம் தோட்டத்தில் அதுவரை நடந்ததில்லை. சங்கத் தலைவர் செபமாலை அண்ணன் "தம்பிக்கு போன் போடுங்க டீச்சர், தம்பிக்கு போன் போடுங்க" என்று என் காதைத் தின்றுவிட்டார். விடாமல் அடித்தோம். கடைசியில் நீ எடுத்தாய், சரி செய்தாய், எல்லோரும் உன்னை வாழ்த்தினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்த நேரம் நீ எங்கே இருந்தாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு வந்த இடத்தில் வாய் தவறிச் சொன்னாய். மெல்பேர்ன் கம்பனிக்காரர்கள் திரையில் உட்கார்ந்து உன்னிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் போன் வந்ததாம். "வீட்டில் ஒரு மரணம், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நடுவிலேயே எழுந்து போனாயாம். உன் அப்பா வாய்க்குக் கொண்டுபோன கேக்கை அப்படியே கீழே வைத்துவிட்டார். "நம்ம வீட்டுலயாடா சாவு?" என்றார். "சங்கத்துலப்பா. அதுவும் நம்ம வீடுதானே" என்றாய் நீ. அழகான பேச்சுத்தான். ஏதோ அவர்கள் நல்ல மனிதர்கள், இரண்டாம் முறை கூப்பிட்டார்கள், இப்போது வேலையும் தந்திருக்கிறார்கள். வேறு யாராவது என்றால் அன்றைக்கே கதவைச் சாத்தியிருப்பார்கள். என் பிள்ளை எழுதிக் கொடுத்த ஒரு சாமான் என் பிள்ளையையே கட்டிப்போட்டிருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மறுநாளே செபமாலை அண்ணனிடம் போய், சங்கங்களுக்கென்றே செய்து விற்கிற மென்பொருள் இருக்கிறதாம், வாங்கிப் பார்ப்போமா என்று கேட்டேன். மனிதர் பதறிப்போனார். "என்ன டீச்சர் பேசுறீங்க? தம்பி நம்ம அளவுக்கு தச்சுக் குடுத்த சட்டைய கழட்டிப்போட்டுட்டு, கடையில தொங்குறத மாட்டிக்கிறதா?" என்றார். "தச்ச சட்டை நல்ல சட்டைதாண்ணே. தச்சவரு ஊர்ல இல்லாதப்ப தையல் விட்டுச்சுன்னா என்ன செய்வீங்க?" என்றேன். "தம்பி எங்க போறாரு?" என்று திருப்பிக் கேட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் விடவில்லை. பிறகு மெல்பேர்ன் சேதியையும் சொல்லி, எப்படியோ நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன்.

கேகாலையில் இருந்து திலினி என்று ஒரு பெண் வந்தாள், அரநாயக்கப் பக்கத்துப் பிள்ளை. சிங்களக் கிராமங்களில் நம் சங்கம் மாதிரியான மரணாதார சங்கங்களுக்கு இந்த மென்பொருளைப் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. பிள்ளை மடுவத்தில் தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரும் கூடினோம். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதில் படம் விழுகிற மாதிரி ஏதோ ஒரு கருவியைத் திருப்பி வைத்தாள். நான் பெயர்களைச் சொல்லச் சொல்ல அவள் விரல் ஓடியதைப் பார்க்க வேண்டுமே, அடேயப்பா! முதலில் நம் வீட்டைச் சொன்னேன். பெயர், சரி. அடையாள அட்டை, சரி. அடுத்து "கெதர நொம்மரே?" என்றாள். வீட்டு நம்பர். "நம்பரெல்லாம் இல்ல மகள், தோட்டத்து பேரப் போடுங்க, யட்டியாந்தோட்டைன்னு போடுங்க, வந்துரும்" என்றேன். போட்டாள். அடுத்த வீட்டுக்கும் அதே விலாசம். அதற்கடுத்த வீட்டுக்கும் அதே. எல்லா வீட்டுக்கும் அதே. முடித்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டினாள். வேட்டியில் பெரிதாக எழுத்து விழுந்தது: குடும்பங்கள், ஒன்று. குடும்பத் தலைவர், உன் அப்பா!

ஒரே விலாசத்தில் இருப்பவர்கள் எல்லோரையும் அது ஒரே குடும்பமாகச் சேர்த்துவிடுமாம். முதலில் பதிந்தவர் தலைவராம். பிள்ளை மடுவத்துத் தகரக் கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு எழும்பியது பார்! கட்டை முத்தையா எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "ஏங்க மாமா, இனிமே எங்க போறதுன்னாலும் ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போகணுங்களா?" என்றான். உன் அப்பா சும்மா இருப்பாரா? மீசையைத் தடவிக்கொண்டு, "பொழுது சாயறதுக்குள்ள எல்லாரும் வீடு வந்து சேந்துடணும், சொல்லிட்டேன்" என்றார். திலினி பாவம், முகம் சிவந்துபோய் அடுத்த பக்கத்தைத் திறந்தாள். பார்ப்போம் என்று ஒரு மரணத்தைப் பதிந்தாள். சாவு வீட்டார் குழி வெட்டக்கூடாது என்பது எல்லா இடத்திலும் உள்ள முறைதானே, அது அதற்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே குழி வெட்ட ஒருவரும் இல்லை என்று காட்டியது. தேத்தண்ணி போடவும் ஒருவரும் இல்லை. முழுத் தோட்டமும் சாவு வீடு.

சிரிப்பு அடங்கியது. செபமாலை அண்ணன் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா டீச்சர்? நம்மளுக்கு இது ஒத்து வராதுங்க. தம்பியையே ஒரு வருசம் இருக்கச் சொல்வோம். போனுக்கு போன் மாறினாலும் நிக்காத மாதிரி புதுசா ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் போகட்டும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தம்பி, இந்த இடத்தில் உன் அம்மா உனக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உள்ளுக்குள் குலவை போட்டேன். நானாக உன்னைத் தடுக்கவில்லை, ஊரே கேட்கிறது, நான் என்ன செய்ய? இன்னும் ஒரு வருசம் மாதம் ஒரு சனிக்கிழமை நீ வருவாய், வந்தவுடன் சோற்றுச் சட்டியைத் திறந்து பார்ப்பாய். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் மட்டும் போதும். உன் அப்பா என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "நீ எதுக்குடி சிரிக்கிற?" என்றார். சிரிக்கவில்லையே என்றேன்.

அப்போது திலினி சாமான்களைச் சுருட்டிக்கொண்டே, குத்தலாக ஒன்றுமில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "அப்ப அம்மே, உங்க வீட்டுக்கு கடிதாசி வந்தா எப்படி வரும்?"

எப்படி வரும்? உனக்குத் தெரியாதா எப்படி வருமென்று. எல்லாக் கடிதமும் கீழே தோட்டத்து ஆபிசுக்குப் போகும். அங்கே யாருக்காவது நேரம் கிடைத்தால் பிரிப்பார்கள். மேலே வருகிறவன் யாரையாவது பிடித்தால் கொடுத்துவிடுவார்கள். பிடிக்காவிட்டால் கிடக்கும். உயர்தரப் பரீட்சை முடித்த வருசம் உன் முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம் அப்படித்தான் கிடந்தது. உன் கைக்கு வந்தபோது தேர்வு நடந்து முடிந்திருந்தது. நீ அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பீலிக்குப் போய் விழுகிற தண்ணியில் காலைக் கழுவினாய், கழுவினாய், கழுவிக்கொண்டே இருந்தாய். உன் அப்பா ஆபிசுக்குப் போய்க் கத்திவிட்டு வந்தார். கத்தி என்ன ஆகும்? நம் வீடு எது என்று உலகத்துக்குச் சொல்ல நம்மிடம் ஒரு வார்த்தை இல்லை. இதெல்லாம் திலினி கேட்ட அந்த ஒரு கேள்வியில் என் கண் முன்னால் வந்து நின்றது.

உன் புரோகிராம் நம்மிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை தம்பி. குற்றமாகச் சொல்லவில்லை. நம் மீதுள்ள பிரியத்தில்தான் நீ கேட்கவில்லை. கேட்டால் நமக்கு வெட்கமாக இருக்கும் என்று உனக்குத் தெரியும். இல்லாதது வெளியே தெரியாதபடி, "நாய் கட்டின வீடு" என்று பதமாக எழுதிக் கொடுத்தாய். அந்த நாய் செத்தே எவ்வளவு காலமாகிறது! நம்மை அறியாத ஒரு மென்பொருள்தான் கொஞ்சமும் முகம் பார்க்காமல், "ஏன் உங்களுக்கு வீட்டு நம்பர் இல்லை?" என்று கேட்டது. எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். மென்பொருள் மேல் அல்ல. நியாயமான கேள்வியை இத்தனை காலம் நாமே கேட்காமல் இருந்துவிட்டோமே என்று.

எழுந்தேன். "திலினி மகள், அந்த வேட்டியக் கழட்டாதீங்க. அண்ணே, வீட்டுக்கெல்லாம் நம்பர் போடுவோம்" என்றேன். "யாரு போடுறது?" என்றார் அண்ணன். "நம்மதான் போடணும். வேற யாரு வருவா?" என்றேன். சொல்லி முடித்து உட்கார்ந்தேன். என் வாயாலேயே உனக்கு வழியைத் திறந்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரிந்தது. யாரும் பார்க்காத மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை எழுத இந்தத் தாள் காணாது. தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் அனுமதி கேட்கப் போனோம். இளவயசு மனிதர், நல்ல மாதிரி. "சுவரில கை வைக்காதீங்க, அது கம்பனி சுவர். பலகை தொங்க விட்டா நான் பாக்க இல்ல" என்றார். அது போதாதா நமக்கு? பலகை அறுத்தோம், கோவிலுக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயின்ட்டை எடுத்தோம். பாதைக்கெல்லாம் பேர் வைத்தோம். பேர் வைப்பதில் நடந்த சண்டைக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும், ஒரு சினிமா நடிகர் பேரில் பாதை வராமல் தடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்து, ஒன்றாம் நம்பர் யாருக்கு? எல்லோருக்கும் ஒன்றாம் நம்பர்தான் வேண்டும். அப்போது உன் அப்பா, "முழுத் தோட்டத்துக்கும் குடும்பத் தலைவர்ங்கிற முறையில சொல்றேன்" என்று தொடங்கினார். அந்தப் பதவியை மனிதர் இன்னும் விடவில்லை. "ஒண்ணு புள்ள மடுவத்துக்கு. அதுதான் எல்லாருக்கும் பொதுவான வீடு" என்றார். அதையே பலகையில் எழுதினோம். எட்டு யாருக்கும் வேண்டாம், ராசியில்லாத நம்பராம். அதை நான் எடுத்துக்கொண்டேன். இன்று வரை உன் அப்பாவுக்கு அதில் மனக்குறைதான்.

எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்தோம் என்று நினைக்காதே. ஒரு இடத்தில் செபமாலை அண்ணன் மலை மாதிரி நின்றார். மரணத்தைப் பதிந்தவுடனே எல்லோருடைய போனுக்கும் தானாகச் செய்தி போகும் என்று திலினி பெருமையாகச் சொன்னாள். அண்ணன் எழுந்துவிட்டார். "சாவுச் சேதிய போன் சொல்றதா? கொழுந்து பறிச்சுக்கிட்டு நிக்கிற புள்ளைக்கு, அவ அப்பன் செத்தது பையிக்குள்ள டிங்குன்னு மணி அடிச்சுத்தான் தெரியணுமா? ஆள் போகணும். பக்கத்துல நின்னு சொல்லணும். விழுந்தா பிடிக்கணும்" என்றார். திலினி அண்ணன் பக்கம் திரும்பினாள். தன் அப்பா இறந்தது தனக்குப் போனில்தான் வந்தது என்றாள். பிறகு என்னவோ ஒரு இடத்தில் போய்க் கட்டத்துக்குள் இருந்த ஒரு புள்ளடி அடையாளத்தை எடுத்துவிட்டாள், அந்தத் தொல்லை நின்றது. பார்த்தாயா, ரெடிமேட் என்றால் கல்லில் வெட்டினது இல்லை. எங்கே திருப்ப வேண்டும் என்று வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். இப்போதும் நம் தோட்டத்தில் ஆள் போய்த்தான் சேதி சொல்கிறது. யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று மட்டும் அது குறித்துக்கொள்கிறது.

இன்னொரு அதிசயம் கேள். ஓப்பநாயக்கப் பக்கத்தில் ஒரு தோட்டச் சங்கமும் இதையே வாங்கியிருக்கிறார்கள். அங்கே தமிழ்ப் பெயர்கள் நீளமாக இருந்தால் பாதியில் வெட்டுப்பட்டதாம். அவர்கள் சத்தம் போட, கம்பனி திருத்திவிட்டது. நாங்கள் கேட்காமலே எங்களுக்கும் சரியாகிவிட்டது. முகம் தெரியாத ஒருவர் போட்ட சண்டையில் எனக்கு லாபம்! உன் புரோகிராமில் எல்லாச் சண்டையையும் நீ ஒருவனே போட வேண்டியிருந்தது. கட்டை முத்தையாவைத் தெரியுமே, அவன் திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல நான் வெறும் முத்தையாங்க, பதினாலாம் நம்பர் முத்தையா" என்று முகமெல்லாம் பல்லாக நின்றான். அந்தக் கட்டை என்ற சொல் அவனுக்கு எத்தனை வருசமாகக் குத்தியிருக்கிறதோ. நமக்குச் செல்லமாக இருப்பதெல்லாம் கேட்கிறவனுக்குச் செல்லமாக இருக்காது. இது நீயும் நானும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டியது.

பலகை தொங்கினால் போதுமா, கடிதம் வர வேண்டாமா? கிராம சேவகரைப் பிடித்து, அவர் தபாலகத்துக்கு எழுதிக் கொடுத்து, அது ஒரு அலைச்சல். சோதித்துப் பார்ப்போம் என்று ஆளுக்கொரு கடிதம் எழுதி, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் அனுப்பினோம். ஆண்டவரே, அந்தக் காட்சியை நீ பார்க்கவில்லையே! தபால்காரர் சுனில் பை நிறைய உறைகளோடு மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறி வந்து, "மே மொகத அம்மே, இது என்ன! பக்கத்து பக்கத்து வீட்டில இருந்துகிட்டு கடிதாசி போடுறீங்க, வாயால சொன்னா ஆகாதா?" என்று சத்தம் போட்டார். போட்டுவிட்டு அவரே சிரித்தார். ஒவ்வொரு பலகையாக வாசித்து ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஆட்கள் உறையை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு, முன்பக்கத்தில் இருக்கிற தங்கள் பேரையும் நம்பரையும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். சுனிலுக்கு ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. கடைசி வீட்டில் முடியாது என்று கும்பிட்டுவிட்டார்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். மெல்பேர்னும் ஒரு ரெடிமேட் ஊர்தான் தம்பி. உன்னை நினைத்து யாரும் அதைக் கட்டவில்லை. போனவுடன் அங்கங்கே இறுக்கும், உன் பெயரைப் பாதியில் வெட்டுவார்கள், முகம் பார்க்காமல் கேள்வி கேட்பார்கள். கேட்டவுடனே கோபித்துக்கொண்டு வந்துவிடாதே. அந்தக் கேள்வியை நீயே உன்னிடம் ஒருமுறை கேட்டுப் பார். நமக்கு இல்லாத ஏதோ ஒன்றை அது காட்டுகிறது என்றால், இருந்து அதைச் சம்பாதித்துக்கொள். பலகை தொங்க விடு. ஆனால் சாவுச் சேதியைப் போன் சொல்லட்டும் என்கிற மாதிரி ஏதாவது வந்தால், செபமாலை அண்ணனை நினைத்துக்கொண்டு எழுந்து நில். எதற்கு வளைவது, எதற்கு நிற்பது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அதை நீதான் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். யாருக்காவது ஏதாவது செய்து கொடுத்தால், நீ இல்லாமலும் அது ஓடுகிற மாதிரி செய்து கொடு. உன்னையே தேட வைக்கிறது பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெருமைக்காக எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கிற ஆளாக நீ ஆகக்கூடாது.

எனக்கு இருக்கிறது, வலி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. சனிக்கிழமை சட்டியைத் திறக்க ஆளிருக்காது. ஆனால் சந்தோசமும் இருக்கிறது, அதுதான் இப்போது கூடுதலாக இருக்கிறது, இந்தப் பேனா ஓடுகிற ஓட்டத்திலேயே உனக்குத் தெரியவில்லையா? கூட்டத்தில் இதை வாசிக்கும்போது இந்த இடத்தில் குரல் உடைந்தால் உன் அப்பா எழுந்து மிச்சத்தை வாசிப்பதாக ஏற்பாடு. குடும்பத் தலைவர் அல்லவா.

கடிதம் எதற்கு என்று கேட்டாயே. உறையைத் திருப்பி, பின்பக்கம் பார். அனுப்புநர் என்று நான் எழுதியிருக்கிறேன்: இலக்கம் எட்டு, பீலிக்கரைப் பாதை. நான் பிறந்ததிலிருந்து ஒரு உறையின் பின்னால் என் வீட்டை எழுதியது இதுதான் முதல் தடவை. மெல்பேர்ன் கம்பனி நிரந்தர விலாசம் கேட்டால் அதையே எழுது, தோட்டத்து ஆபிசை எழுதாதே. அதற்கு முன் எனக்குப் பதில் எழுது. வாட்ஸ்அப்பில் வேண்டாம், போனிலும் வேண்டாம். ஒரு தாளில், "போகிறேன் அம்மா" என்று ஒரே வரி போதும். மாதம் முடிவதற்குள் சுனில் வந்து கதவைத் தட்ட வேண்டும். நான் அழுதுகொண்டுதான் திறப்பேன். ஆனால் திறப்பேன்.

உன் அம்மா